கடலில் இருந்து வந்த கல்

என் பெயர் அறிவித்தல் பலகையில் ஏறியது இதுவரை இரண்டு தடவை. முதல் தடவை பள்ளிக்கூடத்தில், சோதனை முடிவுகளோடு. இரண்டாம் தடவை வேலணையில், ஓர் அலுவலக வாசலில், 'ஒப்பந்தகாரர் பதிவு ஒரு வருடத்துக்கு இடைநிறுத்தம்' என்ற தலைப்பின் கீழ். இரண்டு தடவையும் ஊர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னது. நான் போகவில்லை. முதல் தடவை பயம். அது ஒரு கிழமையில் போய்விட்டது. இரண்டாம் தடவை வெட்கம். அது இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது, மூன்று நேரமும் என்னோடு சாப்பிட்டுக்கொண்டு.

நான் ஒரு சின்னக் கொந்தராத்துக்காரன். வேலையைத்தான் சின்னது என்கிறேன், வயிற்றை அல்ல. தெருவோரக் கான், பள்ளிக்கூட மலசலகூடம், வாசிகசாலைக் கூரை, கிணற்றுக் கட்டு என்று, பெரிய ஆட்கள் பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வர விரும்பாத வேலைகள் எல்லாம் எனக்கு. அதற்கு, அந்த வேலைகளைக் கொடுக்கிற வேலணை அலுவலகத்தில் ஒரு பதிவு வேண்டும். வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பதிவுக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு விறாந்தையில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன்.

"ஆண்டவருக்குப் பக்கத்திலை கள்ளன் இருக்கிறது புதிசில்லைத்தானே" என்பாள் மனிசி, தூசி தட்டும்போதெல்லாம்.

அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

நாரந்தனைப் பக்கத்தில் கல் அரிகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். சீமெந்துக் கல். மணலும் சல்லியும் சீமெந்தும் குழைத்து அச்சில் இடித்து, கவிழ்த்து அடுக்கி, ஒரு கிழமை தண்ணீர் விட்டு இறுகவைத்து விற்கிறவர். எங்கள் தீவில் கல் அரிகிறவர்கள் பலர். ஆனால் கிணறுகள் பாதிக்கு மேல் உவர். உவர்த் தண்ணீரில் குழைத்த கல் முதல் மாரிக்கு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், மூன்றாம் மாரிக்கு உதிரும். அண்ணை பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரை வாங்கித்தான் குழைப்பார். அதனால் அவருக்குக் கிடைக்கிற இலாபம், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் விடுகிற சாந்து அளவுதான். 'என்ரை கல்லு பூக்காது' என்று சொல்வதற்காகவே அவர் அந்தத் தண்ணீரை வாங்கினார் என்று நினைக்கிறேன்.

பதினைந்து வருடமாக எனக்கு அவரிடம்தான் கல். முறை இதுதான். நான் போனில், "அண்ணை, ஐந்நூறு வேணும்" என்பேன். அவர் லான்ட்மாஸ்ரரில், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில், நூறு நூறாக ஏற்றிக்கொண்டு வந்து வேலைத்தலத்தில் இறக்குவார். "சரிதானே தம்பி?" "சரி அண்ணை." அவ்வளவுதான் கணக்கு. எனக்கு அலுவலகத்தில் இருந்து காசு வந்ததும் ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் தெரிந்த மனிதனிடம் துண்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது, 'உன்னைக் கள்ளன் என்று நினைக்கிறேன்' என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வது. அதனால் யாரும் கேட்பதில்லை. கள்ளனுக்கு இது மிக வசதியான மரியாதை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு முன்பள்ளிக்குச் சுற்றுமதில் கட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. வழமைபோல அண்ணையின் கல். முதல் நாள் கல் இறக்கியபோது, அவர் சட்டைக்குள் இருந்து ஒரு கொப்பியை எடுத்தார். உள்ளே கார்பன் தாள் தெரிந்தது. எத்தனை கல், யார் எடுத்தது என்று நிரப்புவதற்கு வெறுங்கட்டம் போட்டு, அழகான எழுத்தில் தலைப்பு எழுதியிருந்தது. கணக்கியல் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கிற அவருடைய மகளின் எழுத்து.

"தம்பி, குறை நினையாதையும். மகள் தந்துவிட்டவள். இதிலை ஒரு கையெழுத்து..."

அவர் அதைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. சுற்றிவர மூன்று மேசன்மார் நின்றார்கள். நாலு பேர் நிற்கும் இடத்தில் என் வாயை நான் இதுவரை அடக்கியதில்லை.

"வைக்கிறன் அண்ணை, வைக்கிறன். ஆனா அதுக்கு முதல் 'உம்மைக் கைது செய்யிறன்' எண்டு நீங்கள் வாயாலை சொல்லோணும். அதுதான் சட்டம்."

மேசன்மார் சிரித்தார்கள். ஒருவன், "அண்ணை, விலங்கு கொண்டந்தனீங்களோ, இல்லாட்டிக் கொடிக்கயிறு அவிட்டுத் தரட்டோ?" என்றான். நான் இரண்டு கையையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். அண்ணையின் முகம் சிவந்துவிட்டது. அவரும் சிரித்தார். தலையைக் குனிந்து, தோளைக் குலுக்கி, சத்தம் குறைவாகச் சிரிக்கிறவர் அவர்.

"விடும், விடும். அவளுக்கு நான் சொல்லுறன்" என்று கொப்பியை லான்ட்மாஸ்ரர் இருக்கைக்குக் கீழே செருகினார். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை. இருபத்தொரு தரம் வந்து இறக்கினார். ஒரு கையெழுத்தும் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது வெறும் பகிடிதான். எனக்குள் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. திட்டம் போட்டுச் செய்திருந்தால் புத்தியுள்ள கெட்டவன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும்.

மதில் எழும்பியது. அலுவலகத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து, தட்டிப் பார்த்து, "நல்ல கல்லு" என்றார். இரண்டு மாதத்தில் காசும் வந்தது. அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்தில் ஒருவர் பாவித்த கொங்கிறீற் கலக்கும் மெசின் ஒன்று விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். தீவில் அப்போது என் தரத்துக் கொந்தராத்துக்காரர் ஒருவரிடமும் மெசின் இல்லை. எல்லோரும் தகரத்தில் கொட்டி மண்வெட்டியால்தான் குழைத்தோம். மெசின் இருந்தால் பெரிய வேலைக்குக் கேள்விமனு போட்டுக் கேட்கலாம், அந்த வேலைக் காசில் அண்ணைக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். கொந்தராத்துக்காரன் எப்போதும் அடுத்த வேலையின் காசில்தான் நேர்மையாக இருப்பான்.

மெசினுக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து, வயிற்றில் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவித்து, உழவு இயந்திரத்தில் கொளுவிப் பாலத்தால் கொண்டுவந்தேன். நானும் அதே உழவு இயந்திரத்தில், சாரதிக்குப் பக்கத்தில், தேரில் வருகிற மாதிரி இருந்தேன். மூன்றாம் கிழமை அது சுற்றுவதை நிறுத்தியது. பார்க்க வந்த மெக்கானிக், "உள்ளுக்கை எல்லாம் உப்புத் திண்டிட்டுது. பெயின்ற்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்றான். பெரிய வேலையும் எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணை காசு கேட்டு எனக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். முதலில் மாதத்துக்கு ஒருமுறை. கேட்பதற்கு அவருக்கே கூச்சம். என் சுகம், மனிசியின் சுகம், கிணற்றுத் தண்ணீரின் சுகம் எல்லாம் விசாரித்து முடிய, "அது தம்பி... அந்தக் கல்லு..." என்று இழுப்பார். நான் விடமாட்டேன்.

"அண்ணை, உங்கடை காசு வெளிக்கிட்டிட்டுது. வள்ளம் மாறி ஏறி நெடுந்தீவுக்குப் போட்டுதாம். திரும்பி வர ஆளனுப்பியிருக்கிறன்."

மறுபக்கம் அந்தச் சிரிப்பு கேட்கும். "உம்மோடை ஏலாது" என்று சொல்லிப் போனை வைப்பார். இன்னொரு தடவை, "அண்ணை, காசுக்குக் காய்ச்சல், வெளியிலை விடவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்" என்றேன். அதற்கும் சிரித்தார். ஒவ்வொரு சிரிப்பையும் நான் ஒரு மாதத் தவணையாக எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் தெரியும். ஒருநாள் அவர் கல் அரிகிற வளவைக் கடந்து மோட்டார் சைக்கிளில் போனபோது கண்டேன். அச்சுகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கல் அடுக்கும் இடத்தில் புல் முளைத்திருந்தது. பவுசர்த் தண்ணீர் வாங்கி ஊற்றும் தொட்டிக்குள் ஒரு ஆடு நின்றது. சீமெந்துக் கடைக்காரர் அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கல்லுக்குப் போட்ட சீமெந்தின் காசுதான் அங்கே கடனாக நின்றது. அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவால் போகவில்லை. சுற்றுப் பாதையால் போனேன். பெற்றோல் விற்கிற விலைக்கு, என்னாலும் ஒரு நட்டத்தைத் தாங்க முடியும் என்று காட்டிக்கொண்டேன்.

கடைசியில் மகள் எழுதினாள். அலுவலகத்துக்கு, முறைப்படி: பதிவுள்ள ஒப்பந்தகாரர் ஒருவர் அரசாங்க வேலைக்கு வாங்கிய கல்லுக்கு, தனக்குக் காசு கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை, விசாரிக்கவும். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பதிவு ஏன் இடைநிறுத்தப்படக்கூடாது என்று விளக்கம் கேட்டு. பதிவு போனால் என் அடுப்பும் அந்த ஆடு நின்ற தொட்டியைப் போலத்தான்.

விசாரணைக்குப் போன அன்று நான் மோட்டார் சைக்கிளை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். ஏழைபோலத் தெரியவேண்டும் என்று ஒரு எண்ணம். கொலர் கிழிந்த சேட்டையும் போட்டேன். என் மனதில் இருந்தது உண்மையில் தவணை கேட்பதுதான். மூன்று மாதம் கேட்போம், இரண்டு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை அதிகாரி அம்மாவும், மதிலை அளந்த அதே தொழில்நுட்ப உத்தியோகத்தரும். இந்தப் பக்கம் ஒரு கதிரையில் மகள், மடியில் கடிதக் கோவை. மற்றக் கதிரையின் நுனியில் அண்ணை. வெள்ளைச் சேட், தோய்த்து மடித்த மடிப்புக் கோடு முதுகில் நேராகத் தெரிந்தது. என்னைக் கண்டதும் அவர் பழக்கத்தில் சிரித்தார். பிறகு மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மகள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "இரண்டாயிரத்து நூறு கல்லு அம்மா. இருபத்தொரு தரம் ஏத்தி இறக்கினவர்."

"இறக்கினதுக்குச் சீட்டு இருக்கோ?" என்று அம்மா கேட்டார்.

மகள் தகப்பனைப் பார்த்தாள். "இல்லை."

"ஒரு கையெழுத்து? ஒரு துண்டு?"

"இல்லை அம்மா. நான் கொப்பி எழுதிக் குடுத்தனான். அப்பா வாங்கேல்லை."

அண்ணை கதிரையில் இன்னும் நுனிக்கு வந்தார். "அது... தம்பியிட்டைப் போய் எப்பிடி அம்மா கேக்கிறது? பதினைஞ்சு வருசமா எடுக்கிறவர்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எனக்குள் என்ன நடந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்று மாதத் தவணை என்ற சொல் வாய்வரை வந்தது. அதே நேரம் பக்கத்தில் ஒரு கதவு திறந்து கிடப்பது தெரிந்தது. சீட்டு இல்லை. அப்படியென்றால் கல்லே இல்லை. கடன் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் கழிந்துவிடும். எந்தச் சண்டையும் இல்லை. நான் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை, கதவுக்குள் போய் நிற்கவேண்டியதுதான்.

"சீட்டு இல்லையெண்டா நான் என்னத்தை அம்மா சொல்லுறது?" என்றேன்.

உத்தியோகத்தர் நிமிர்ந்தார். "மதில் நிக்குது காணும். நான்தான் அளந்தனான். கல்லு எங்காலை வந்தது?"

"அது ஐயா, எங்கடை தீவிலை கல்லு கடலிலை இருந்து தானா வாறது. பழைய வீடுகளைப் பாருங்கோ, எல்லாம் அப்பிடித்தான் கட்டினது. நான் பழைய ஆக்களின்ரை முறையைத்தான் பின்பற்றினனான்."

அதில் அரைவாசி உண்மை. எங்கள் பழைய வீடுகளும் வேலிகளும் கடற்கரையில் பொறுக்கிய முருகைக் கல்லால் கட்டியவை. அந்த அரை உண்மைதான் பகிடிக்கு ருசி கொடுத்தது. உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். கோப்பு கொண்டுவந்த கிளாக்கர் வாசலில் நின்று சிரித்தார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தார்.

அண்ணையும் சிரித்தார்.

தலையைக் குனிந்து, தோள் குலுங்க. அவருடைய கல்லை நான் கடலுக்குக் கொடுத்ததற்கு அவரே சிரித்தார். பதினைந்து வருடப் பழக்கம். நான் பகிடி விட்டால் அவர் சிரிப்பார், அது அவருக்குத் தும்மல் மாதிரி. மகள் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனைத்தான் பார்த்தாள்.

"எழுத்திலை ஒண்டும் இல்லாமல் நான் ஒரு முடிவும் எடுக்கேலாது" என்றார் அம்மா. "ரெண்டு கிழமை தாறன். சாட்சி ஆரும் இருந்தா எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி முறைப்பாட்டை முடிக்கவேண்டி வரும்."

சாட்சி என்றால் அந்த மூன்று மேசன்மார். மூன்று பேரும் என் கையில் கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும் என்று, அவள் கோவையை மூடிய விதத்தில் தெரிந்தது.

வெளியே வந்தால் பஸ் போய்விட்டது. அடுத்தது வர ஒன்றரை மணித்தியாலம். மகள் ஸ்கூட்டியில் யாழ்ப்பாணம் போய்விட்டாள். கிழிந்த கொலரோடு நான் மதகில் குந்தியிருந்தேன். ஏழைபோலத் தெரியவேண்டும் என்று போனவன், உண்மையாகவே அப்படித் தெரிந்திருக்க வேண்டும். லான்ட்மாஸ்ரர் ஒன்று தடதடவென்று வந்து முன்னால் நின்றது.

"ஏறும் தம்பி. வெயிலுக்கை இருந்து என்ன செய்யப்போறீர்?"

ஏறினேன். பெட்டியின் முன்பலகையில், அவருக்குப் பின்னால். லான்ட்மாஸ்ரரின் சத்தத்துக்குள் எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும். அவர் முன்னால் பார்த்தபடியே கத்தினார்.

"நல்லாத்தான் சொன்னனீர்! கடலிலை இருந்து வந்ததெண்டு! எனக்குச் சிரிப்பை அடக்கேலாமப் போச்சு! வெளியிலை வந்தாப்பிறகு மகள் நல்ல ஏச்சு!"

கொஞ்சத் தூரம் போனது. இரண்டு பக்கமும் வெளி. கடல் நாற்றம். பிறகு அவர் திரும்பவும் கத்தினார். இந்த முறை குரல் வேறு.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், குறை நினையாதையும்! நான் உமக்குக் கல்லுத் தந்தனான்தானே?"

எனக்கு விளங்கவில்லை.

"இல்லை, அங்கை நீர் அப்பிடிச் சொல்லேக்கை யோசிச்சுப் பாத்தனான்! எனக்கும் வயசு போகுது! வேறை ஆருக்கோ இறக்கிப்போட்டு உம்மிலை சொல்லுறனோ எண்டு! நீர் பொய் சொல்லுற ஆளில்லைத்தானே!"

இந்த இடத்தை எழுதுவதற்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன். அந்த மனிதர் தன்னுடைய இருபத்தொரு பயணத்தையும், தோள் நோவையும், தன் மகள் எழுதிய முறைப்பாட்டையும் சந்தேகித்தார். என்னைச் சந்தேகிக்கவில்லை. இரண்டில் ஒன்று பிழை என்றால் அது தன் தலையாகத்தான் இருக்கும் என்று முடிவெடுத்துக்கொண்டு, அதை என்னிடமே சரிபார்க்கிறார்.

"தந்தனீங்கள்" என்றேன்.

"ஆ? கேக்கேல்லை!"

"தந்தனீங்கள் அண்ணை!"

"என்ன?"

"கல்லுத் தந்தனீங்கள்! நான்தான் காசு தரேல்லை! எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!"

எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று என்னைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனம் செய்வதற்குக் கோயிலில் ஒரு திரையாவது இருக்கும்.

அண்ணை லான்ட்மாஸ்ரரை ஓரம் கட்டி நிறுத்தினார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் தம்பி?"

மெசின் என்று சொல்லலாம், பெரிய வேலை என்று சொல்லலாம், சீட்டு இல்லை என்று சொல்லலாம். ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் வாய் வேலை செய்யாமல் போனது அன்றைக்குத்தான். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் இறங்கி, எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற கம்பியை எடுத்தார். நானும் குதித்து இறங்கி, "தாங்கோ அண்ணை, நான் சுத்துறன்" என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம்."

தானே சுற்றினார். மூன்றாம் சுற்றில் கிளம்பியது. ஏறி இருந்தார். நான் பெட்டியில் கால் வைக்கப்போக, தெருவைப் பார்த்தபடி, "உம்மடை வீடு இனிக் கிட்டத்தானே" என்றார்.

இரண்டு மைல்கட்டைக்கு மேல் இருந்தது. நடந்தேன்.

அன்றைக்கே திரும்பி ஓடிப்போய் அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நான் மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். சொன்னால் பதிவு போகும். சொல்லாவிட்டால் இரண்டு கிழமையில் எல்லாம் முடியும், அண்ணை இனி யாரிடமும் சொல்லவும் மாட்டார். இந்தக் கணக்கைத்தான் மூன்று நாளும் திருப்பித் திருப்பிப் போட்டேன். மனிசிக்குச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"நான் உங்களைக் கோயில் புத்தகத்திலை கையெழுத்து வாங்கித்தான் கட்டினனான். நல்ல காலம்" என்றாள். பிறகு, "இல்லாட்டி நானும் கடலிலை இருந்து வந்தனான் எண்டுதான் சொல்லுவியள்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. செதிலை வழித்துக்கொண்டே, "எப்ப போறியள்?" என்றாள்.

நாலாம் நாள் போனேன். மோட்டார் சைக்கிளில், கிழியாத சேட்டில். தலைமை அதிகாரி அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் நோவாக இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, "எழுதித் தாங்கோ" என்றார்.

"அம்மா, என்ரை கையெழுத்து டொக்டர்மாரின்ரை மாதிரி, வாசிக்கேலாது..." என்று தொடங்கினேன். பழக்கதோஷம்.

"எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். கல்லின் தொகை, நாள், காசு எனக்குக் கிடைத்தது, விசாரணையில் சொன்னது பொய் என்பது எல்லாம். கையெழுத்து வைத்தேன்.

ஒரு கிழமையில் முடிவு வந்தது. வேலை பிழைத்தால் திருத்துவதற்கென்று அலுவலகம் என் கணக்கில் பிடித்துவைத்திருந்த காசை நேரே அண்ணைக்குக் கொடுப்பது. மிச்சத்தை நான் மூன்று மாதத்துக்குள் கட்டுவது. பதிவு ஒரு வருடத்துக்கு இடைநிறுத்தம். ஒரு வருடம் கூடத்தானே என்று உத்தியோகத்தரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். இப்படியான குற்றத்துக்கு மூன்று மாதம்தான் வழமை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"சரிதான்" என்றார் அவர். "காசு குடுக்காததுக்கு மூண்டு மாசம். கல்லு கடலிலை இருந்து வந்ததுக்கு ஒன்பது மாசம்." பிறகு, "அண்டைக்கு நானும் சிரிச்சுப்போட்டன். அதையும் சேத்துத்தான்" என்றார்.

மெசினைப் பழைய இரும்புக்காரரிடம் விற்றேன். அவர் நிறுக்கும்போது, மஞ்சள் வயிற்றில் என் பெயர் தராசுத் தட்டில் தலைகீழாகக் கிடந்தது. மிச்சத்துக்கு மனிசியின் காப்பு. காசை நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, அலுவலகத்திலேயே கட்டினேன். அண்ணை அதற்குப் பிறகு எனக்குப் போன் எடுக்கவில்லை. விறாந்தையில் கடிதம் தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

அந்த வருடம் நான் கூலிக்கு மேசன் வேலை செய்தேன், என்னிடம் தொழில் பழகிய ஒருவனிடம். அவன் என்னை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம். ஒருநாள், "முதலாளி, உழவு இயந்திரத்தோடை போய் நூறு கல்லு ஏத்திக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பினான். எங்கே என்று நான் கேட்கவில்லை. தீவில் நல்ல கல் ஓரிடத்தில்தான்.

வளவு பழையபடி நடந்தது. அச்சுகள் நிமிர்ந்து நின்றன. புதுக் கல் வரிசை வரிசையாக ஈரத்தோடு. அண்ணை குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார். வாசலில் ஒரு மேசை. மேசையில் மகள் அச்சடித்துக் கொடுத்த சீட்டுப் புத்தகம், வெள்ளை, றோஸ், மஞ்சள் என்று மூன்று தாள். இப்போது அங்கே யார் கல் எடுத்தாலும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். கோயில் குசினி திருத்தக் கல் எடுத்த சுவாமியாரும் வைத்தார் என்று ஊரில் கதை. சுவாமியாருக்கும் அது பிடிக்கவில்லையாம்.

எனக்கு முன்னால் மண்கும்பானில் இருந்து வந்த ஒருவர் நின்றார். முப்பது வயது இருக்கும். பேனையைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன அண்ணை புதிசா? என்ரை அப்பா உங்களிட்டை எத்தினை கல்லு எடுத்தவர். ஒரு துண்டு கண்டனீங்களோ?"

"இப்ப இப்பிடித்தான் தம்பி" என்றார் அண்ணை, தண்ணீரை விடாமல்.

"எவனோ ஒரு நாசமறுவான் செய்த வேலையாலை எல்லாரும் கள்ளராப் போனம்." அவர் ஆதரவு தேடி என் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணை, நான் சொல்லுறது பிழையோ?"

தண்ணீர்ச் சத்தம் ஒரே இடத்தில் கேட்டது. அண்ணை குழாயை ஒரு கல்லின்மேல் பிடித்தபடி அப்படியே நின்றார். என்னைக் காட்டிக் கொடுக்க அவருக்கு ஒரு விரல் போதும். அவர் அந்த விரலைத் தூக்கவில்லை.

"பிழையில்லை" என்றேன். "அந்த நாசமறுவான் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாந்து ஒட்டிய இடுப்புச் சாரம், வயிறு, என் முகம். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அச்சா பகிடிக்காரன் அண்ணை நீங்கள்! நான் ஒரு நிமிசம் நம்பிப்போட்டன்!" என்று என் தோளில் தட்டிவிட்டு, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார். தெருவில் ஏறும்வரைக்கும் சிரித்துக்கொண்டு போனார்.

நான் அண்ணையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குனிந்த தலைக்காகவும் குலுங்கும் தோளுக்காகவும் பார்த்தேன். அவர் குழாயைக் கீழே போட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை. கல் வாங்க வந்த ஒருவனைப் பார்க்கும் முகம்.

"எத்தினை?" என்றார்.

"நூறு அண்ணை."

"எண்ணி ஏத்திப்போட்டு வந்து வையும்" என்றார். நான் போய் எண்ணத் தொடங்கினேன்.